சங்கரனுக்காக வனஜா நிரப்பிய படிவம்

கரியாஹாட் சந்திப்பிலிருந்து கோல்பார்க் போகும் பக்கத்தில், நடைபாதைச் சேலைக் கடைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது ஆவுடையப்பன் காபிக் கடை. ஆவுடையப்பன் போய்ச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. பலகையில் இன்னும் அவர் பெயர்தான். கடையை நடத்துவது அவருடைய ஒரே மகள் வனஜாவும், மருமகன் சங்கரனும்.

வனஜாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. பிறந்தது, படித்தது, பிள்ளை பெற்றது எல்லாம் அந்தக் கடையைச் சுற்றி ஒரு மைலுக்குள். வீட்டில் தமிழ்தான் என்றாலும் கோபம் வந்தால் வாயில் வங்காளம்தான் வரும். ஆதார் அலுவலகம், வங்கி, மின்சார ஆபீஸ் எல்லாவற்றுக்கும் அவள்தான் போவாள். எந்த வரிசையிலும் யாரும் அவளைத் தாண்டி முன்னால் போய்விட முடியாது.

சங்கரன் அம்பாசமுத்திரத்துக்காரர். பையன் இல்லாத ஆவுடையப்பன் தன் ஊர்ப்பக்கம் ஆள்விட்டுத் தேடி, வீட்டோடு மாப்பிள்ளையாக வரச் சம்மதமா என்று கேட்டுக் கூட்டிவந்த ஆள். வந்தபோது வயது இருபத்தெட்டு. வீட்டுக்கு இளைய பிள்ளை, கையில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. வந்த ஆறே மாதத்தில் காபிக்கொட்டை வறுக்கக் கற்றுக்கொண்டார். வங்காளம் பேசவும் வந்துவிட்டது. எழுதப் படிக்க மட்டும் தமிழோடு நின்றுவிட்டார்.

தெருவில் வனஜாவை எல்லோரும் சின்ன வயதிலிருந்தே திதி, அதாவது அக்கா, என்று கூப்பிட்டுப் பழகியவர்கள். திதியின் புருஷன் ஆகையால் அவர் ஜாமாய்பாபு. அக்கா புருஷனை வங்காளிகள் அன்பாக அழைக்கும் பெயர் அது. மாமியார்கள் மருமகனுக்கு விருந்து வைக்கும் ஜாமாய் சஷ்டி அன்று எதிர்க் கடைக்காரர்கள் கூட அவருக்கு மாம்பழமும் சந்தேஷ் இனிப்பும் கொண்டுவந்து கொடுப்பார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் இருபத்தொன்பது வருடமாக ஒரு மனிதனை அவன் பெயர் சொல்லி யாருமே கூப்பிடவில்லை என்பதை அந்தத் தெருவில் ஒருவர்கூட யோசித்துப் பார்த்ததில்லை. வனஜாவும் யோசிக்கவில்லை. அவளுக்கு வேறு ஒரு யோசனை இருந்தது.

இந்த மனிதர் என்னோடு இருக்கிறாரா, அல்லது போக்கிடம் இல்லாமல் இருக்கிறாரா? இதுதான் அவள் யோசனை. கல்யாணமான மூன்றாம் வருடம் மனதில் விழுந்த கேள்வி. அன்றைக்கு ஒரு ஈடு கொட்டை கொஞ்சம் கருகிவிட்டது. ஆவுடையப்பன் கோபக்காரர். வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே அத்தனையையும் தரையில் கொட்டி, "சோத்துக்கு வந்தவனுக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது" என்று கத்தினார். சங்கரன் துடைப்பத்தை எடுத்துவந்து கூட்டினார். வனஜா உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவை எதிர்த்துப் பேச அவளுக்கு அன்று வாய் வரவில்லை. அது அவள் செய்த பிழை, அது அவளுக்கும் தெரியும். அவர் ஏன் இதைப் பொறுத்துக்கொண்டார் என்று மட்டும் அன்றிரவு முழுக்க நினைத்தாள். வேறு எங்கே போவார் என்று ஒரு பதில் கிடைத்தது. அந்தப் பதிலை அப்படியே வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டாள். அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

இந்த ஆவணி மாதத்தில் சுப்ரியா என்ற பெண் கடைக்கு வந்தாள். கோயம்புத்தூர்க்காரி. ஜாதவ்பூரில் அறை எடுத்துத் தங்கி உளவியலில் ஆராய்ச்சி செய்கிறாள். வாரம் ஒருமுறை கால் கிலோ தூளும் கை முறுக்கும் வாங்க வருபவள் அன்றைக்குக் கையில் காகிதங்களோடு வந்தாள். இருபது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழும் தம்பதிகள் எதனால் சேர்ந்தே இருக்கிறார்கள் என்பதுதான் அவள் ஆராய்ச்சியாம். ஆளுக்கு ஒரு படிவம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே ஒன்றிலிருந்து ஏழு வரை எண்கள். துளியும் ஒத்துவராவிட்டால் ஒன்றில் வட்டம், முழுக்க ஒத்துவந்தால் ஏழில் வட்டம். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது.

படிவம் ஆங்கிலத்திலும் வங்காளத்திலும்தான் இருந்தது. நான் தமிழில் வாசித்துச் சொல்கிறேன் அங்கிள் என்றாள் சுப்ரியா. சங்கரனுக்கு அடுப்பில் ஒரு ஈடு ஓடிக்கொண்டிருந்தது. வறுக்கும் உருளையிலிருந்து கண்ணை எடுக்காமல், வனஜாவிடம் கொடும்மா, அவள் பார்த்துக்கொள்வாள் என்றார். பெண் இரண்டையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் நினைத்தது, மனைவி வாசிப்பாள், கணவர் சொல்லுவார் என்று. அந்த வீட்டு வழக்கம் அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்த வீட்டில் சங்கரனின் பெயரில் வந்த ஒவ்வொரு படிவத்தையும் வனஜாதான் நிரப்புவாள். வாக்காளர் அட்டை, ரேஷன், பான் கார்டு, ஆஸ்பத்திரி எல்லாம். இரத்த அழுத்தம் உண்டா, ஒவ்வாமை உண்டா என்று கேட்டால் அவரைக் கேட்கமாட்டாள், தானே எழுதுவாள். அவர் கடைசியில் கையெழுத்து மட்டும் போடுவார். இதையும் அப்படித்தான் செய்தாள். மதியம் மாடியில் அவர் படுத்திருக்க, பக்கத்தில் உட்கார்ந்து தன்னுடையதைப் பத்து நிமிடத்தில் முடித்தாள். பிறகு அவருடையதை எடுத்தாள்.

இந்த உறவில் எனக்கு நிறைவு உண்டு. நாலு போட்டாள். இதற்காக நான் நிறைய உழைப்பையும் வருடங்களையும் போட்டிருக்கிறேன். ஏழு. இந்த உறவு இல்லாவிட்டாலும் எனக்குப் போக இடம் உண்டு, அங்கே நன்றாகவே இருப்பேன். இந்த இடத்தில் பேனா நின்றது. தூங்குகிற மனிதரைப் பார்த்தாள். நாற்பது வாக்கியத்தில் இது ஒன்றுக்குத்தான் அவள் அவரை எழுப்பிக் கேட்டிருக்க வேண்டும். எழுப்பவில்லை. ஒன்றில் வட்டம் போட்டாள். அழுத்திப் போட்டாள்.

அடுத்த வாரம் சுப்ரியா வந்து பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டும் ஒரே பேனா, ஒரே கை. பாவம், திட்டத் தெரியாத பெண். இதைச் சேர்க்க முடியாது ஆன்ட்டி, அங்கிள் வாயால் சொல்ல வேண்டும் என்று கெஞ்சினாள். புதுப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆறிய உருளைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு சங்கரன் எதிரே உட்கார்ந்தாள். பழைய படிவம் சாக்கின் மேல் கிடந்தது. சங்கரன் அதைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆங்கிலம் தெரியாவிட்டால் என்ன, எண் தெரியுமே. அவள் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லச் சொல்ல, தன் மனைவி தனக்காக எங்கே வட்டம் போட்டிருக்கிறாள் என்று விரலால் வரிசை தேடிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வனஜா கல்லாவிலிருந்து இதைப் பார்த்துவிட்டாள். எதிரே நாலு பேர் நின்றார்கள், எழுந்து போக முடியவில்லை. முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. சில இடங்களில் சரியாகத்தான் போட்டிருக்கிறாள் என்று தலையாட்டினார். போக்கிடம் பற்றிய வாக்கியம் வந்தது. விரல் நின்றது. இன்னொரு தடவை சொல்லும்மா என்றார். அவள் சொன்னாள்.

"ஏழு," என்றார் சங்கரன். அதற்குப் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் எண்ணை மட்டும் சொன்னார். பழைய படிவத்தைப் பார்க்கவே இல்லை.

நான்கு நாள் அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார், வறுத்தார், தூங்கினார். ஐந்தாம் நாள், அண்ணன் வீட்டைப் பிரித்து எழுத வேண்டும் என்கிறார், ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னார். அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. பாதி வீட்டை உன் பெயரில் எழுதுகிறேன், வந்து இங்கேயே இரு என்று ஆறு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அது வனஜாவுக்கும் தெரியும், தெரிந்தும்தான் அன்றைக்கு ஒன்றில் வட்டம் போட்டாள். வழக்கமாகப் போக ஒன்று, வர ஒன்று என்று டிக்கெட் போடுவாள். இந்த முறை டிக்கெட்டை அவரே போட்டுக்கொண்டார். போக மட்டும்தான் இருந்தது.

பெட்டி கட்டும்போது அவளால் பொறுக்க முடியவில்லை. ஏதோ ஒரு காகிதம், அந்தப் பெண்ணுக்குப் பரீட்சைக்கு வேண்டும் என்று போட்டது, அதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொள்வதா என்று கேட்டாள். சங்கரன் சட்டையை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். மாமனார் கொட்டையைத் தரையில் கொட்டிய மறுவாரமே, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, அண்ணன் ஹவுரா ஸ்டேஷனில் வந்து இறங்கினார் என்றார். வா, தென்காசியில் ஒரு மளிகைக் கடை பார்த்து வைத்திருக்கிறேன், மரியாதையோடு இருக்கலாம் என்று கூப்பிட்டாராம். இவர் ஸ்டேஷனிலேயே டீ வாங்கிக் கொடுத்து, அடுத்த வண்டியில் அண்ணனை ஏற்றிவிட்டு வந்திருக்கிறார். அதற்குப் பிறகும் இரண்டு முறை அழைப்பு வந்தது. எதையும் வனஜாவிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, போகப் போவதில்லையே என்று விட்டுவிட்டார்.

"நான் இங்க இருந்தேன்னு நெனச்சேன் வனஜா," என்றார். "நான் இங்க கெடந்தேன்னுல்லா நீ நெனச்சிருக்க."

அவர் குரல் உயரவில்லை. வனஜாவுக்குத் தரையில் விழுந்து அழ வேண்டும்போல் இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. துர்கா பூஜை ஆர்டர் எல்லாம் தலைக்கு மேல் இருக்கிறது, இப்போது போனால் எப்படி என்றாள். சங்கரன் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பெட்டியை மூடினார்.

ஊருக்குப் போனவர் தினமும் காலை எட்டு மணிக்குப் போன் செய்தார். கொட்டை எவ்வளவு இருக்கிறது, சிக்கரி வந்துவிட்டதா என்று கேட்பார். அவள் பதில் சொல்லுவாள். நியூ டவுனில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மூன்று கமிட்டிகள் பூஜைக்குத் தூள் கேட்டிருக்கிறார்கள், வறுக்க ஆள் இல்லை, எப்போது வருகிறீர்கள் என்பாள். பார்க்கலாம் என்பார். பன்னிரண்டு நாள் இதே பேச்சு. நியூ டவுனில் வேலை பார்க்கும் மகள் அக்‌ஷயா ஞாயிற்றுக்கிழமை வந்து, அப்பா எப்போது வருவார் என்று கேட்டாள். வனஜா அவளைக் காரணமில்லாமல் வங்காளத்தில் கடிந்துகொண்டாள்.

சுப்ரியா தூள் வாங்க வந்தபோது கடையில் பொடி தீர்ந்திருந்தது. வனஜா அவளை உட்காரவைத்து, அந்தக் காகிதத்தில் நீ என்னதான் தேடினாய் என்று நேராகவே கேட்டாள். பெண் முதலில் தயங்கினாள். பிறகு சொன்னாள். சேர்ந்திருப்பவர்கள் மூன்று காரணத்தால் சேர்ந்திருக்கிறார்கள் என்று ஒரு கொள்கை உண்டு. சந்தோஷமாக இருப்பதால், போட்டதை விட்டுப் போக மனம் வராததால், வேறு போக்கிடம் இல்லாததால். மூன்றும் கலந்துதான் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எது எவ்வளவு என்று தெரியாது. அதனால்தான் தனித்தனியாகக் கேட்கிறோம் ஆன்ட்டி என்றாள்.

வனஜா, அப்புறம் என்றாள். ஆராய்ச்சிக்காரர்களில் இன்னொரு கூட்டம் வேறு மாதிரி சொல்கிறது என்றாள் அந்தப் பெண். கொடுப்பதும் பெறுவதும் ஒரே பக்கம் சாய்ந்தால் உறவு ஆட்டம் காணும். குறைவாகப் பெற்றவருக்குக் கோபம் வரும். அதிகமாகப் பெற்றவருக்கும் நிம்மதி இருக்காது, உள்ளுக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருக்கும். பிறகு, உறவு தானாக ஓடாது. சிரித்துப் பேசுவது, வேலையைப் பகிர்ந்துகொள்வது என்று தினமும் யாராவது எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். அதில் ஒன்று, நீ எனக்கு வேண்டும், நாம் கடைசிவரை சேர்ந்திருப்போம் என்று வாயால் சொல்வது. நம் ஆட்களிடம் கேட்டால் வேலைப் பகிர்வில் ஏழு ஏழாகப் போடுகிறார்கள், இதில் மட்டும் எல்லோரும் ஒன்றுதான் போடுகிறார்கள் என்று சொல்லிச் சிரித்தாள். வனஜா சிரிக்கவில்லை. அவளும் ஒன்றுதான் போட்டிருந்தாள்.

அதிகமாகப் பெற்றவர் என்ற சொல் அவளை விடவில்லை. அம்மா அப்பா பக்கத்திலேயே இருந்தார்கள், அவளுக்குத்தான். தெரு அவளுடையது. பாஷை அவளுடையது. பிரசவத்துக்கு ஊர்விட்டு ஊர் போகவில்லை. பலகையில் இருப்பது அவள் அப்பா பெயர். புகுந்த வீடு என்று பெண்கள் படும் பாடு எதையும் அவள் பட்டதில்லை, எல்லாவற்றையும் அந்த மனிதர் பட்டிருக்கிறார். இருபத்தொன்பது வருடத்தில் அவரிடம் இரு என்று அவள் சொன்னதே இல்லை. பெட்டி கட்டியபோதும் ஆர்டரைத்தான் சொன்னாள். பன்னிரண்டு நாளாகப் போனிலும் கடைக்குத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் ஏன் வருவார்?

இப்போது வாங்க என்று சொன்னாலும் பூஜை வேலைக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று தோன்றும். அவர் இடத்தில் அவள் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாள். அதனால் மறுநாள் காலையில் எட்டு மணிப் போனில் ஒன்றும் சொல்லவில்லை. நேராகப் பார்க் சர்க்கஸ் பகுதிக்குப் போனாள். அங்கே முகமது ரபீக் என்பவர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். வாணியம்பாடிக்காரர், ஐம்பது வயது, ஒரு பழைய காபிக் கடையில் பதினெட்டு வருடம் வறுத்தவர். அந்தக் கடையை மூடிவிட்டதால் சும்மா இருந்தார். நாளைக்கே வர முடியுமா என்று கேட்டாள். எத்தனை நாளைக்கு அம்மா என்றார் ரபீக். பூஜை முடியும்வரை என்று சொல்ல வாயெடுத்தவள், நிரந்தரமாக என்றாள்.

ரபீக் வந்தார். முதல் ஈட்டின் வாசனையிலேயே ஆள் வேலை தெரிந்தவர் என்று தெரிந்துபோயிற்று. ஐந்து நாளில் நியூ டவுன் ஆர்டர் எல்லாம் போய்ச் சேர்ந்தது. கடைக்குச் சங்கரன் இல்லாமல் இனி ஒரு குறையும் இல்லை. வீட்டில்தான் இரண்டு வேளையும் ஒருவருக்குச் சமைத்து அதையும் மிச்சம் வைத்தாள்.

ஆறாம் நாள் மதியம் மூன்று மணிக்குக் கல்லாவை ரபீக்கிடம் விட்டுவிட்டு மாடிக்குப் போய் அவளே போன் செய்தாள். அந்த நேரத்துக்கு அவள் கூப்பிட்டதே இல்லை. சங்கரன் பதறிப்போய் எடுத்தார்.

"என்ன வனஜா, மெஷின் நின்னுபோச்சா?"

"இல்லங்க. நல்லா ஓடுது. ஆர்டர் எல்லாம் அனுப்பியாச்சு. வறுக்கறதுக்கு ரபீக்னு ஒருத்தரைப் போட்டுட்டேன். நெரந்தரமா. உங்க அளவுக்கு வறுக்கிறார்."



"அப்ப என்னத்துக்கு போன் பண்ணின?"

என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். எல்லாம் மறந்துவிட்டது.

"கடைக்கு நீங்க வேணாம்," என்றாள். "எனக்கு வேணும். அதைச் சொல்லத்தான் பண்ணினேன். அங்கதான் இருக்கணும்னு உங்களுக்குத் தோணிச்சுன்னா இருங்க. நான் அங்க வந்துடறேன். கடையை ரபீக் பாத்துப்பார்."

"நீயா? இங்கயா?" சங்கரன் நம்பவில்லை. கரியாஹாட்டைத் தாண்டினால் அவளுக்கு மூச்சு முட்டும் என்பது அவருக்குத் தெரியாதா? "இந்த ஊர்ல உனக்கு யாரைத் தெரியும்?"

"உங்களைத் தெரியும்."

போன் அறுந்துவிட்டதோ என்று அவள் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை.

"நான் அங்க வந்து எறங்குனப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு," என்றார் சங்கரன். பிறகு, "சனிக்கிழமை வண்டிக்கு டிக்கெட் போட்டு நான் வாரேன்," என்றார்.

வனஜா வாய்விட்டு அழுதாள். கீழே கடைக்குக் கேட்குமே என்றுகூடத் தோன்றவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை அவர் போனை வைக்காமல் இருந்தார்.